ஒரு வருஷப் பொறுப்பு

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில், எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த பக்கத்து வீட்டு ஆடு ஷாக் அடித்துச் செத்தது.

அப்போது நாங்கள் ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, புதிதாகக் கட்டிய இரண்டு அறை வீட்டில் இருந்தோம். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மகள் தவழத் தொடங்கியிருந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளில் மரச்சட்டத்தின்மேல் வயர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லாம் சுவருக்குள்ளே குழாயில் போனது. சுவர் மொழுமொழுவென்று இருக்கும். வந்தவர்களிடம் அதைக் காட்டிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆடு சாவதற்குச் சில நாட்களுக்கு முன்பே எனக்கு அந்தக் கம்பியின்மேல் பயம் வந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஈரத் துணியைக் கம்பியில் போடப் போனேன். எறும்பு கடித்த மாதிரி விரலில் சுருக்கென்றது. கையைத் திருப்பிப் பார்த்தேன். எறும்பு இல்லை. மறுபடி தொட்டேன். இந்த முறை முழங்கை வரைக்கும் ஏறியது.

கணவர் வந்ததும் சொன்னேன். காலில் ரப்பர் செருப்போடு போய்க் கம்பியைப் பிடித்துப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லியே.”

“செருப்ப கழட்டிட்டுத் தொடாதீங்க. வயரிங் செஞ்ச அந்த எலக்ட்ரீஷியன வரச் சொல்லுங்க.”

“வரச் சொல்லி? வேலைய முடிச்சப்பவே சொல்லிட்டான் இல்ல, ஒரு வருஷம் வரைக்கும் நான் பொறுப்பு, அதுக்கப்புறம் என்னக் கேக்காதீங்கன்னு. வருஷம் தாண்டிப் போச்சு. இப்ப எந்த மூஞ்சிய வெச்சினு போய்க் கூப்பிடறது? கொழந்த பொறந்ததுலேர்ந்து நீ எதுக்கெடுத்தாலும் பயந்துகினே இருக்க.”

அவர் சொன்னது பாதி உண்மை. நான் பயந்தவள்தான். அதனால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்து பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து குழந்தையை அந்த ஜன்னல் பக்கம் விடவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓர் ஆடு இருந்தது. கயிற்றைக் கடித்துவிடும் என்பதால் சங்கிலி போட்டிருந்தார். மழைக்கு ஒதுங்கட்டும் என்று அதை எங்கள் ஜன்னலுக்கு வெளியே, கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். எனக்குத் தெரியாது. சமையலறையில் இருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. ஆடு கத்துகிற மாதிரியே இல்லை. எட்டிப் பார்த்தேன். சேற்றில் நான்கு காலும் விறைத்துக் கிடந்தது. அக்கா வெறுங்காலோடு ஓடி வந்துகொண்டிருந்தார்.

“தொடாதக்கா! தொடாத! கம்பில கரண்ட்டு!”

என் தொண்டையில் அவ்வளவு குரல் இருக்கும் என்று எனக்கே தெரியாது. அக்கா கையை நீட்டியபடியே நின்றுவிட்டார். அப்புறம்தான் எனக்குக் குழந்தை ஞாபகம் வந்தது. அவள் அறையின் நடுவில் உட்கார்ந்து டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஈரத்தரை. நான்கு பக்கமும் சுவர். அந்தச் சுவருக்குள் வயர் எங்கெங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்? எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? நான் கட்டிப் பூசி வெள்ளையடித்த வீடு அந்த நிமிஷம் எனக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிற மிருகம் மாதிரி இருந்தது.

மெயின் ஸ்விட்ச் வாசல் பக்கம், இரும்புப் பெட்டி. அதைக் கையால் தொட எனக்குத் தைரியம் இல்லை. பருப்பு மத்தை எடுத்து, எக்கி, கைப்பிடியைத் தட்டித் தட்டிக் கீழே தள்ளினேன். விளக்கு அணைந்தது. குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே மழையில் போய் நின்றேன்.

குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு ஒரகடம் கூட்ரோட்டுக்கு நடந்தேன். சைக்கிள் கடையை ஒட்டின ஒரு தடுப்பில்தான் அந்த எலக்ட்ரீஷியன் இருப்பார். முப்பது வயசுக்காரர். ஃபேன் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலில் ஷாக் அடிக்கிறது என்றதுமே தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“ஒரு வருஷம்னு சொல்லித்தானேம்மா செஞ்சேன்? அதுக்கு மேல எது ஆனாலும் நானே வரணும்னா நான் எத்தினி வூட்டுக்கு ஓடறது?”

“ஆடு செத்துப்போச்சுண்ணா.”

ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. “எங்க கட்டியிருந்தாங்க?”

“தெக்குப் பக்க ஜன்னல்ல.”

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இவருக்கு ஏற்கெனவே ஏதோ தெரியும். சைக்கிளைக் கூட எடுக்க மறந்து, என் கூடவே வேகமாக நடந்தார்.

வீட்டுக்கு வந்து மெயின் நிறுத்தியிருப்பதை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரைக் கொத்தினார். பூச்சு ஈரமாய் உதிர்ந்தது. உள்ளே குழாயில் ஒரு வெடிப்பு. ஜன்னலைப் பிடித்துக்கொள்ளச் சுவருக்குள் விட்ட இரும்புத் துண்டு அந்த வெடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. சரியாக அந்த இடத்தில் இரண்டு வயர்களை முறுக்கிச் சேர்த்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் நமுத்துப் பிரிந்து, செம்பு பச்சை பூத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணவர் ஷிப்டு முடிந்து வந்தார். செத்த ஆட்டையும் உடைந்த சுவரையும் பார்த்தார்.

“யோவ், இன்னாய்யா இது?”

“வயரு பத்தலைங்க,” என்றார் எலக்ட்ரீஷியன். “துண்டு வயர சேத்துப் போட்டேன். சேக்கற எடத்துல பெட்டி வெக்கணும், தெறந்து பாக்கற மாதிரி. மறுநாள் பூச்சு வேலைன்னு கொத்தனாரு நிக்கிறாரு. நீங்களும் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சிட்டீங்க. அப்படியே உள்ள தள்ளிட்டேன். நீங்களும் அவசரப்படுத்தினீங்க இல்ல?”

“அதுக்கு? என் கொழந்த அந்தக் கம்பிய புடிச்சிருந்தா?”

எனக்கு ஆற்றாமையாக வந்தது.

“ஸ்விட்சு, பல்பு, ஃபேனு எல்லாம் கண்ணுக்குத் தெரியுதுண்ணா. கெட்டா நானே பாத்துக்குவேன். அதுக்கு ஒரு வருஷம் சொல்லுங்க, ஆறு மாசம் சொல்லுங்க. செவுத்துக்குள்ள பொதைச்சிட்டுப் போனீங்களே, அதுக்கு எப்படிண்ணா வருஷம் சொன்னீங்க? உள்ள இன்னா கீதுன்னு உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?”

எலக்ட்ரீஷியன் புது வயர் இழுத்து, பெட்டி வைத்து, குழாயை மாற்றி, மெயினைப் போட்டு, கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் தன் வெறுங்கையாலேயே பிடித்துக் காட்டினார். அப்புறம் கீழே உட்கார்ந்தார்.

“இன்னும் ரெண்டு வூட்டுல இந்த மாதிரி போட்டுகீறேன்மா. உங்க வூட்டு வேல நடந்த அதே மழைக்காலத்துல செஞ்சது.”

ஒரு வீடு ஒரகடத்திலேயே இருந்தது. அன்று இருட்டுவதற்குள் போய்ச் சரிசெய்துவிட்டார். அங்கேயும் டேப் நமுத்திருந்ததாம். இன்னொன்று பக்கத்து ஊரான வல்லத்தில். மறுநாள் காலை வாடிய முகத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அந்த வீட்டுக்காரர் உள்ளேயே விடவில்லையாம், வேலை இல்லாததால் சுவரை உடைக்க வந்திருக்கிறாய் என்று துரத்திவிட்டாராம்.

“நீங்க ஒரு வார்த்த வந்து சொல்றீங்களாம்மா? அவங்க பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீது. கட்டில அந்தச் செவுத்தோட ஒட்டிப் போட்டுகீறாங்க.”

கணவர் வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். “நான் கொழந்தைய பாத்துக்கறேன். போய்ட்டு வா” என்றார்.

வல்லத்து வீட்டுக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “ஒரு வருஷம்னு நீயேதான்யா சொன்ன. அது முடிஞ்சி நல்லாத்தான் எரியுது. இப்ப இன்னாத்துக்கு வந்து கொடையற?”

நான் ஆடு கிடந்த கிடையைச் சொன்னேன். கால் எப்படி விறைத்திருந்தது, அக்கா எப்படிக் கையை நீட்டினார், என் மகள் எங்கே உட்கார்ந்திருந்தாள். உள்ளே கட்டிலில் படுத்திருந்த பெண் எழுந்து, வயிற்றைப் பிடித்தபடி நடு அறைக்கு வந்து நின்றாள். அவள் அம்மா சொன்னார்: “ஒடைக்கட்டும்யா. செவுரு போனா பூசிக்கலாம்.”

எலக்ட்ரீஷியன் உளியை வைத்து அடித்த ஒவ்வொரு அடிக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். குழாய் தெரிந்தது. வயரை வெளியே இழுத்தார். டேப் சுற்றினது சுற்றினபடியே, காய்ந்து, இறுக்கமாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்காரர் கத்தத் தொடங்கினார். நல்ல சுவரைப் பாழாக்கிவிட்டோம் என்றார், பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்திவிட்டோம் என்றார், எனக்கு வேறு வேலையே இல்லையா என்றார். எலக்ட்ரீஷியன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். நான் அவ்வளவு வசவையும் வாங்கிக்கொண்டு நின்றேன். யாராவது என்னைத் திட்டி எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது அந்த ஒரு தடவைதான். எலக்ட்ரீஷியன் அழுது முடித்துவிட்டு, அங்கேயும் வயரை மாற்றிப் பெட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அதற்குப் பிறகு அவர் புது வீடுகளுக்கு என்ன சொல்லி வேலை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. சுவர் பூசுவதற்கு முன்னால் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு குழாயாகக் காட்டிவிட்டுத்தான் கொத்தனாரை உள்ளே விடுகிறார் என்று அக்கா ஒரு நாள் சொன்னார். இருக்கலாம்.

எனக்குப் பயம் போகவில்லை. அடுத்து வந்த மழைக்காலங்களில் எல்லாம், சுவரில் ஈரம் ஏறுகிற மாதிரி தெரிந்தாலே மெயினை நிறுத்திவிடுவேன். கணவர் அதன்பின் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஷிப்டு முடிந்து வந்து, மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி நடுவில் வைத்து, ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவார்.