கணக்கில் இருபத்தெட்டு

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் நானும் முதலாளியின் மகளும் தோற்றோம். எனக்கு இருபத்தெட்டு, அவளுக்கும் இருபத்தெட்டு. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதினாலும் தேறியிருக்க மாட்டீர்கள் என்றார் ஆசிரியர்.

அவள் அப்பாவுக்குத் திருத்தணியில் பதினாறு விசைத்தறிகள் இருந்தன. அவற்றில் இரண்டை ஓட்டியவர் என் நைனா.

முடிவு வந்த மாலை முதலாளி தறிக் கூடத்துக்கு வந்தார். நல்ல மனிதர். அவரே பேச்சை எடுத்தார்.

"உன் பொண்ணும் போச்சாமே?"

"ஆங், கணக்குலங்க."

"உடு. அதுக்குப் படிப்பு ஏறல, நீ என்னா பண்ணுவ? நூல் சுத்த அனுப்பு."

"உங்க பாப்பாவுக்குங்க?"

"அதுக்கு வாத்தியார் சரியில்ல. அரக்கோணத்துலருந்து வேற ஒருத்தர வரச் சொல்லிகீறேன்."

இரண்டு காரணத்தையும் நைனா முழுதாக நம்பினார். நானும்தான். மறுநாளே வேலையில் சேர்ந்தேன்.

கூடத்துக்கு மேல்மாடியில்தான் அவர்கள் வீடு. புது வாத்தியார் தினமும் மாலை ரயிலில் வந்து இறங்குவார். தறிச் சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை என்று அவர் சொன்னதும், ஐந்திலிருந்து ஆறு வரை தறிகள் நிறுத்தப்பட்டன. நெய்த அளவுக்குத்தான் கூலி என்பதால் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் வருமானமில்லை. அவள் தேறியதில் என் நைனாவுக்கும் பங்கு உண்டு.

அந்த அமைதியில் இயற்கணிதம் மாடிப்படி வழியாகக் கீழே இறங்கி வரும். கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் புரியவும் தொடங்கியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. படிப்பு ஏறாதவள் என்று முடிவான பிறகு புரிகிறது என்பது மரியாதையாக இருக்காது.

அவள் துணைத் தேர்வில் தேறினாள். அவர்கள் வேண்டுதலை நிறைவேற்றக் காரில் முருகன் கோயில் மலைக்குப் போனார்கள். எங்களையும் அழைத்தார்கள், படியேறி வரச் சொன்னார்கள். பிறகு அவள் சென்னையில் பொறியியல் படித்தாள். நான் மூன்று வருடம் கழித்துத் தனித்தேர்வராக எழுதித் தேறினேன், அஞ்சல் வழியில் பட்டமும் வாங்கினேன். இப்போது அவள் ஒரு பள்ளியின் தாளாளர். அவள் அப்பாவின் சிபாரிசில் அங்கே நான் கிளார்க்.

போன ஆண்டுவிழாவில் அவள் பேசினாள். "நானும் கணக்குல ஃபெயில் ஆனவதான். விடாமுயற்சி ஒண்ணுதான் என்னை இங்க நிறுத்தியிருக்கு." பொய்யில்லை. அவள் உண்மையிலேயே உழைத்துப் படித்தாள், நான் கீழேயிருந்து கேட்டிருக்கிறேன். பெற்றோர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

விழா முடிந்ததும் என்னைத் தேடி வந்தாள்.

"எப்டி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க மேடம்."

"உனக்கும் அதே மார்க்குதானே அப்போ? நீ ஏன் அந்த வருஷமே திரும்ப எழுதல?"

அவள் முகத்தில் கேலி இல்லை. அக்கறைதான் இருந்தது. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"அப்போ தோணலங்க," என்றேன்.

"முயற்சி பண்ணிருக்கணும் நீ," என்றாள் வருத்தமாக.

அடுத்த வாரம் அந்தப் பேச்சை ஆண்டு மலருக்காகத் தட்டச்சு செய்யும் வேலை என் மேசைக்கு வந்தது. எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.