மச்சாள் எடுத்த துவக்கு

சனிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடம். கடையின் கண்ணாடி மேசையில் முதலில் என் கண்ணில் பட்டது மச்சாளின் வலது பெருவிரல். மூட்டுப் புடைத்து, நகத்தின் ஓரம் வெளிறி, கையடக்கமான ஒரு இரும்புப் பெட்டிக்குள் ரவை ஒன்றை அமுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த சுருள்வில் அதை வெளியே தள்ளியது. விரல் மறுபடி அமுக்கியது. ரவைகள், அதாவது தோட்டாக்கள், போலியானவை, பழகிப் பார்ப்பதற்காகக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சிவப்புப் பிளாஸ்டிக் துண்டுகள். பெட்டி பாதி நிரம்புவதற்குள் மச்சாள் கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"இதென்ன மச்சான், துவக்குப் பிடிக்கிறதைவிட உதுக்குத் தீன் குடுக்கிறதெல்லோ பெரும்பாடாக் கிடக்கு" என்றாள்.

துவக்கு என்றால் துப்பாக்கி. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வேறு சொல் கிடையாது. அந்தச் சொல்லால் வந்த வில்லங்கத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மச்சாள் என் மாமாவின் மகள், என்னைவிட இரண்டு வயது இளையவள். எங்கள் வழக்கத்தில் கட்டிக்கொள்ளக்கூடிய முறை. ஒரு காலத்தில் இரண்டு வீட்டாரும் அதைப் பற்றிப் பேசியும் இருந்தார்கள். பிறகு நான் லண்டனுக்கு வந்து தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தவும் தலைப்புப் போடவும் சேர்ந்தேன். அவள் வேறொருவரைக் கட்டிக்கொண்டு சில வருடங்கள் கழித்து இதே ஊருக்கு வந்தாள். நான் கட்டவில்லை. அதில் அதற்குமேல் செய்தி எதுவும் இல்லை.

மோர்டனில் அவளுக்கு வீடு, அங்கேயே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கிலும் காதிலும் சட்டத்தைப் பொருத்திப் பார்த்து, சூடு காட்டி வளைத்துக் கொடுப்பாள். அப்படிக் கண்ணாடி பொருத்திக்கொள்ள வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஏதோ ஒரு றைபிள் சுடும் கழகத்தின் செயலாளர். குறி பார்க்கும்போது கண்ணாடி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று விளக்குவதற்காக, கடைத் தரையில் விரிப்புப் போட்டுக் குப்புறப் படுத்துக் காட்டியிருக்கிறார். மச்சாள் சிரித்துவிட்டாள். கிழவர் கோபிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்துவிட்டுப் போனார். அவளுடைய கணவர் மாரடைப்பில் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் வடக்கே லீட்ஸ் நகரில் வேலை எடுத்துப் போய்விட்டான். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. லூயிஷாமிலிருந்து நான் போய் ஏற்றிக்கொண்டு போனேன்.

தாழ்ந்த கூரையுள்ள செங்கல் மண்டபம். ஒரு பக்கம் பாய்கள், மறு பக்கம் விளக்கு வெளிச்சத்தில் காகித இலக்குகள். பயிற்சியாளர் பெண்மணி மச்சாளைப் பாயில் படுக்கச் சொன்னார். அவள் படுத்த விதத்தைப் பார்த்து, இதற்கு முன் எங்கே பழகினீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். மச்சாள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"மச்சான், இவவுக்குச் சொல்லுங்கோ, படுக்கிறதிலை எங்களுக்குப் பொம்பர்காரன் நல்ல பயிற்சி தந்தவன் எண்டு."

குண்டுவீச்சு விமானத்தை நான் அங்கே மொழிபெயர்க்கவில்லை. அவளே சிரித்துக்கொண்டு துவக்கைத் தோளில் வைத்தாள். அதன்பிறகு அவள் முகத்தில் வந்த அமைதியை நான் முன்பு ஒருமுறையும் கண்டதில்லை. சாவு வீட்டில்கூட ஓயாமல் ஏதாவது எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிற பெண் அவள். அங்கே மூச்சைப் பாதியில் நிறுத்தி, அசையாமல் கிடந்தாள்.

தகுதிகாண் காலம் முடிந்து முழு உறுப்பினர் ஆன குளிர்காலத்தில்தான் பெருவிரல் வில்லங்கம் பண்ணத் தொடங்கியது. கழகத்துத் துவக்குகளில் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் பக்கத்திலுள்ள இரும்புப் பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். அப்போதுதான் வெற்றுக் கோது வெளியே வந்து அடுத்த ரவை உள்ளே போகும். வைத்தியர், மூட்டு தேய்ந்துவிட்டது, இனி அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். செயலாளர் கிழவர்தான் வழி சொன்னார். ஒரு வெடியின் விசையாலேயே அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்கிற அரைத்தானியங்கி றைபிள் இருக்கிறது. இந்த நாட்டில் அது ஆகச் சிறிய ரவை பாவிக்கிற வகையில் மட்டும்தான் சாதாரண ஆட்களுக்குக் கிடைக்கும். கழகத்தில் அப்படி ஒன்று இல்லை. சொந்தமாக வாங்கவேண்டும், பொலிஸ் அனுமதிப் பத்திரம் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிடவேண்டும்.

மச்சாள் சீட்டுக் காசைத் தூக்கினாள். குளியலறைக்கு ஓடு பதிக்கவென்று கட்டி வந்த சீட்டு அது. பழைய ஓடே கிடக்கட்டும் என்றாள்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை லண்டனுக்கு வெளியே சறேப் பக்கத்துத் துவக்குக் கடைக்குப் போனோம். பத்திரம் வருமுன் வாங்க முடியாது, பார்த்து வைக்கலாம். முதலில் காட்டியது புதியது. கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, பாரமில்லை, விலையும் கைக்கெட்டியது. ஆனால் அதன் ரவைப்பெட்டியில்தான் பெருவிரல் தோற்றுப்போனது. இரண்டாவது வால்நட் மரக் கட்டையோடு வந்த அழகான சாமான். மச்சாள் விலைச்சீட்டைக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள், உயர்த்திப் பார்த்தாள், துவக்கை மேசையில் மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"இது கலியாண வீட்டுக்குக் கொண்டு போற துவக்கு" என்றாள்.

மூன்றாவதைக் கடைக்காரர் தயங்கித்தான் உள்ளேயிருந்து எடுத்துவந்தார். கைமாறி வந்த பழையது, மரத்தில் கீறல்கள். குழலுக்குக் கீழே இன்னொரு மெல்லிய குழாய் ஓடியது. அதற்குள்ளிருக்கும் கம்பியை உருவிவிட்டு ரவைகளை ஒவ்வொன்றாக உள்ளே விடவேண்டும். அவை தம் பாட்டில் வழுக்கி இறங்கும். அமுக்க வேண்டியதில்லை. முந்திய சொந்தக்காரர் தன் மகளுக்காகக் கட்டையின் பின்பக்கத்தை அறுத்துக் குறுக்கியிருந்தார். அதனால் அது மற்றவர்களுக்குப் பொருந்தாமல் நெடுங்காலம் கிடந்ததாம். மச்சாள் தோளில் வைத்தாள். கன்னம் மரத்தில் போய் உட்கார்ந்தது. கண்ணாடி சரியான உயரத்தில் நின்றது.

"கடைசி விலை என்ன எண்டு கேளுங்கோ."

"இது எங்கடை ஊர்த் திருநெல்வேலிச் சந்தை இல்லை மச்சாள்."

"கேக்கிறதுக்கு என்ன? வாய் தேயுமே?"

கேட்டேன். விலை குறையவில்லை. ஒரு பழைய உறையும் துடைக்கிற கம்பியும் சேர்த்துத் தருவதாகவும் பத்திரம் வரும்வரை வைத்திருப்பதாகவும் கடைக்காரர் சொன்னார். பிறகு, உங்கள் கணவருக்கும் சுடுவதில் விருப்பமா என்று மச்சாளிடம் கேட்டார். "கசின்" என்றாள் அவள். வாழ்நாளெல்லாம் சொற்களைத் தூக்கிப் பார்த்துப் பழகியவன் நான். அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் மச்சானும் இல்லை, மச்சாளும் இல்லை.

அனுமதிக்கு விண்ணப்பிப்பவரை நன்கு தெரிந்த இரண்டு பேரின் பெயர் கொடுக்கவேண்டும். உறவினர் கூடாது. கழகச் செயலாளர் ஒருவர். மற்றவர் பக்கத்து வீட்டுத் தம்பி. கோயம்புத்தூர்க்காரர், வங்கி ஒன்றில் கணினி வேலை, மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். மச்சாள் வேலிக்கு மேலால் கேட்டாள்:

"தம்பி, நான் ஒரு துவக்கு எடுக்கப் போறன். உங்கடை பேரைக் குடுக்கட்டே?"

"துவக்கமா? ரொம்ப சந்தோஷம்க்கா. தாராளமா குடுங்க."

அடுத்த நாள் அவர் ஒரு பெட்டி லட்டும் கண்ணாடிச் சட்டம் போட்ட பிள்ளையார் படமும் கொண்டுவந்து கொடுத்தார். மச்சாள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "இந்தியாவிலை துவக்குக்கும் பிள்ளையார் வைக்கிறவை போலை, மச்சான்." நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

வீடு பார்க்க அதிகாரி வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். பணிவான, மெலிந்த மனிதர். மாடிப்படிக்குக் கீழே சுவரில் இறுக்கியிருந்த இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். அதன் கதவில் மச்சாள் வைத்திருந்த சந்தனப் பொட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு தேநீரைத் தொடாமல் சொன்னார்: "உங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு தொலைபேசியில் பேசினோம். துப்பாக்கியைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, நீங்கள் தொழில் தொடங்கப்போவதாகத்தான் சொன்னீர்கள் என்கிறார்."

மச்சாளின் முகம் கறுத்தது. "நான் சொன்னனான். நேரை நிண்டு சொன்னனான்" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். ஆயுதத்துக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் பொய் சொன்னார் என்று பதிந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்தத் துவக்கும் இல்லை, எந்த மண்டபமும் இல்லை. அது எங்கள் இருவருக்கும் விளங்கியது. லட்டு எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் எழுந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

தம்பி வீட்டுச் செருப்போடு வந்தார். நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்தார். "ஐயோ அக்கா, கடை கிடை ஏதோ துவக்கப் போறீங்கன்னுல்ல நினைச்சேன்! பிள்ளையாரெல்லாம் குடுத்தேனே!" பிறகு அதிகாரியிடம் ஆங்கிலத்தில், இவர் தமிழில் அது துப்பாக்கி, என் தமிழில் அது தொடக்கம் என்று விளக்கினார். அதிகாரி இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டார். இரண்டு முறையும் ஒரே சொல்தான். முதல்முறையாகத் தேநீரை எடுத்துக் குடித்தார்.

"சரி. இப்போது தெரிந்துவிட்டது. இப்போதும் பெயர் கொடுக்கச் சம்மதமா?"

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பினார். நாங்கள் இருந்த அறையின் சுவருக்கு மறுபக்கம் அவருடைய பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. "எதுக்குக்கா உங்களுக்குத் துப்பாக்கி?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கே கேட்கத் தோன்றாத கேள்வி.

மச்சாள் தமிழிலேயே சொன்னாள்: "பள்ளிக்கூடக் காலத்திலையிருந்து வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டு வளந்தனாங்கள், தம்பி. எப்ப வெடிக்கும், எங்கையிருந்து வெடிக்கும் எண்டு தெரியாது. இப்பவும் தீபாவளிக்கு நீங்கள் வெடி கொளுத்தேக்கை நான் குசினிக்குள்ளை, அடுப்படியிலை போயிருப்பன். அந்த மண்டபத்திலை எப்ப வெடிக்கும் எண்டு எனக்கு முந்தியே தெரியும். நான்தானே வெடிக்க வைக்கிறன்."

தம்பி, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். அந்த ஞாயிறு காரின் பின் இருக்கையில் அவரும் ஏறிக்கொண்டார். மண்டபத்தில் சுவரோரம் நின்று, காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, மச்சாள் கழகத்துத் துவக்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் அவள் விரலை உதறிவிட்டு மறுபடி பிடியைத் தூக்கினாள். திங்கட்கிழமை அதிகாரியை அழைத்துச் சம்மதம் சொல்லிவிட்டார். "ஆனா அக்கா, சாவி எங்க வெப்பீங்கன்னு என் பசங்களுக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாராம். "என்ரை மச்சானுக்கே சொல்லமாட்டன்" என்று மச்சாள் பதில் சொன்னாளாம். சொல்லவும் இல்லை. சட்டமும் அதுதான்.

பத்திரம் வந்து, துவக்கு வந்து, முதல் நாளே அது இரண்டாவது வெடியில் இறுகி நின்றது. கழகத்து மலிவான ரவைக்கு அடுத்ததை ஏற்றும் அளவுக்கு விசை போதவில்லை. "வயசு போனதுகளுக்குச் சாப்பாடு பாத்துத்தான் குடுக்கவேணும்" என்றாள் மச்சாள். கொஞ்சம் வேகமான ரவை வாங்கிப் போட்டதும் அது தன்பாட்டில் ஓடியது.

அதன்பிறகு இரண்டு குளிர்காலம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எங்களுடையவையாக இருந்தன. அவள் பாயில் கிடக்கும் நேரம் நான் பின்னால் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்தேன், அல்லது வாசிப்பதுபோல இருந்தேன். வாகனத் தரிப்பிடத்தில், கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து மங்கிய காருக்குள், மீன் றோல்ஸும் பிளாஸ்க் தேநீரும். இலக்குக் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டைகள் ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்த இடத்தை எனக்குக் காட்டுவாள். அவளுடைய தலைமயிரில் அந்த மண்டபத்துப் புகைமணம் இருக்கும். வீட்டு வாசலில் இறங்கும்போது, "வாறன் மச்சான்" என்பாள். போகிறவர்களும் எங்கள் ஊரில் வாறன் என்றுதான் சொல்வார்கள்.

போன வைகாசியில் லீட்ஸில் மகனுக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளை பார்க்க மச்சாள் அங்கே போவதென்று முடிவாகி, மோர்டன் வீட்டை விற்றார்கள். விற்ற பிறகு ஒரே ஒருமுறை, கடைசிப் பொருட்களை ஏற்றும் நாளில், "நீங்கள் என்ன செய்வியள் ஞாயிற்றுக்கிழமையிலை?" என்று கேட்டாள். நான் நித்திரை கொள்வேன் என்றேன். "பொய்" என்றாள். அதற்குள் மகன் காரை நகர்த்தச் சொல்லிக் கூப்பிட்டான்.

நான் நித்திரை கொள்வதில்லை. விடியமுதலே, வேளைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சில ஞாயிறுகளில் காரை எடுத்து, விம்பிள்டன் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய், உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றிப் போனால் வழியில் மோர்டன் வருகிறது. அவளிருந்த வீட்டுக்கு வேறு நிறத்தில் கதவு போட்டிருக்கிறார்கள்.

பத்திரத்தில் விலாசம் மாற்றிக்கொண்டு மச்சாள் துவக்கையும் தன்னோடு கொண்டுபோனாள். மகனுடைய வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு கழகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போகிறாள்.