தோளில் இரண்டு தட்டு

கதை என்று நினைத்து வாசிக்க வேண்டாம். மன்னார்த் தீவின் கீரிக் கிராமத்தில், றொசாந்தன் வீட்டு வளவின் மூலையில், நீலப் படங்கு போர்த்தியபடி அந்த மோட்டார் சைக்கிள் இன்றும் நிற்கிறது. யாரும் போய்ப் படங்கைத் தூக்கிப் பார்க்கலாம். அவன் தடுக்கமாட்டான். ஆனால் கூட வரவும் மாட்டான்.

பங்குனி மாதம்தான் அதை வாங்கினான். ஜப்பானில் ஓடி, கப்பலேறி வந்து, இங்கே சில கை மாறிய வண்டி. நானூறு சீசீ. முன்னால் மூடி, காற்றுத் தடுக்கும் கண்ணாடி என்று எந்த அலங்காரமும் கிடையாது. வரிசையாக நாலு சிலிண்டர், அவற்றிலிருந்து வளைந்து இறங்கும் நாலு குழாய், எல்லாம் அப்படியே வெளியே தெரியும். எட்டாயிரம் சுற்றைத் தாண்டினால் சத்தம் மாறும். உறுமல் போய், நீளமாக ஓர் ஊளை எழும். அந்த ஊளையைக் கேட்பதற்காகவே றொசாந்தன் ஏழு வருடம் காத்திருந்தான்.

விற்றவர் வங்காலையைச் சேர்ந்த அமிர்தநாயகம். நாற்பது வயதிருக்கும். வண்டியைப் புகழவும் இல்லை, விலையில் இழுபறிப்படவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, கலியாணம் முடிச்சிட்டீரோ?”

றொசாந்தனுக்குக் கலியாணமாகி எட்டு மாதம். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் வவுனியாவில் வேறொரு வண்டியை விற்க இருந்த ஒருவர், “பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வாரும், பிறகு கதைப்பம். வாங்கிப்போட்டு அடுத்த நாள் அழுதுகொண்டு திருப்பித் தர வாற ஆக்களை நான் கனபேரைக் கண்டிட்டன்” என்று அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார். இதையும் கைவிட அவனுக்கு மனமில்லை. மோதிரம் போட்ட கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“இன்னும் இல்லை அண்ணை.”

அமிர்தநாயகம் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு வண்டியின் திறப்பைக் கொடுத்தார்.

வீட்டில் மதுஷிகா மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள், அவன் குழாய்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள்.

“என்னை ஒருநாள் இப்பிடிப் பார்த்திருப்பியளே?”

“இதுக்கு நாலு சிலிண்டர், மது.”

“எனக்கு ஒரு புருசன். இப்ப அதுவும் அரைவாசி.”

சிரித்துவிட்டார்கள். அன்று பின்னேரமே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஹெல்மெட்டும் என்ஜின் சத்தமும் சேர்ந்தால் வாயால் சொல்வது ஒன்றும் கேட்காது. றொசாந்தனின் வலது தோளில் இரண்டு தட்டு விழுந்தது. சரி, எடுக்கலாம் என்று அவனுக்கு விளங்கியது. வீட்டடியில் ஒரு தட்டு. நிறுத்தினான். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். இரண்டு தட்டினால் போ. ஒன்று தட்டினால் நில். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் இருந்தன. அப்போது அவற்றை யார் கணக்கெடுத்தார்?

பின்னால் இருப்பவர் கால் வைக்கும் மிதிகள் இரண்டையும் இரவில் மடித்துவிட்டுத்தான் படுப்பான். காலையில் இரண்டும் விரிந்திருக்கும். ஸ்பிறிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்தான்.

வைகாசியில் மெக்கானிக் பேதுருவிடம் சேவிசுக்கு விட்டான். பேதுரு குந்தியிருந்து பின் சில்லைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

“என்னடாப்பா, ஒவ்வொரு நாளும் டபிள்ஸ் ஓடுறியோ?”

“இல்லையே. கடை வேலைக்குத் தனியத்தானே போறன். மது ஞாயிற்றுக்கிழமைதான் ஏறுவள்.”

“அப்ப ஏன் பின் டயர் இப்பிடித் தேய்ஞ்சிருக்கு? சொக்கப்சோபரும் இறங்கிப்போச்சு. எந்த நாளும் ஆரையோ ஏத்திக்கொண்டு திரிஞ்ச வண்டி மாதிரிக் கிடக்கு.”

றொசாந்தன் சிரித்தான். பேதுரு சிரிக்கவில்லை.

ஆனி மாதத்து இரண்டாம் ஞாயிறு. முருங்கனில் மதுஷிகாவின் தாய்வீட்டில் மத்தியானச் சாப்பாடு. திரும்பும்போது தாய் ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொடுத்துவிட்டார். அதை வண்டியின் பக்கத்தில் கொளுவிக் கட்டினார்கள். புறப்பட்டபோது நேரம் 6.15.

தள்ளாடிச் சந்தியைத் தாண்டித் தாம்போதிப் பாலத்தில் ஏறும்போது இருட்டிவிட்டது. இரண்டு பக்கமும் கடல். நடுவில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒற்றைத் தெரு. ஒதுங்கி நிற்க ஓரமில்லை, கற்கள்தான். சோழகக் காற்று தெற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. மீன் ஏற்றுவதற்காகப் பேசாலைக்குப் போகும் வெறும் லொறிகள் அந்த நேரத்தில்தான் வரும். பாரமில்லாத லொறி எப்படி ஓடும் என்று மன்னாரில் எல்லோருக்கும் தெரியும்.

6.58. பின்னால் ஏதோ அறுந்த சத்தம்.

வண்டியைக் கற்களோடு ஒட்டி நிறுத்தினான். மாம்பழப் பை விழுந்துவிட்டது. இருபது மீற்றர் பின்னால், தெருவில்.

“நான் எடுத்துக்கொண்டு வாறன். நீங்கள் இருங்கோ” என்று மதுஷிகா இறங்கினாள். வழக்கமாக அவளுடைய போனை அவன் முதுகுப் பையில்தான் போடுவாள். இருட்டில் பழம் தேட வேண்டுமே என்று அன்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

றொசாந்தன் இறங்கவில்லை. நூற்றுத்தொண்ணூறு கிலோ வண்டி. அந்தக் காற்றில் ஸ்ராண்டை நம்பி விட முடியாது. என்ஜின் சூடானால் மறுபடி ஸ்ராட் எடுக்கவும் சண்டித்தனம் செய்யும். இரண்டு காலையும் ஊன்றி, என்ஜினை ஓடவிட்டபடி இருந்தான்.

7.00. பின்பக்கம் மெல்ல அமிழ்ந்தது.

வலது தோளில் இரண்டு தட்டு.

எடுத்தான்.

கொஞ்சத் தூரம் போனதும் இரண்டு கைகள் அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. றொசாந்தனுக்குச் சந்தோசமாக இருந்தது. மதுஷிகா ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. கோபம் முழுதாகப் போய்விட்டது போல என்று நினைத்தான்.

கை மட்டும் குளிர்ந்தது. தடித்த ஜக்கெற்றுக்குள்ளாலேயே குளிர்ந்தது. கடல் காற்றுத்தானே...

பாலத்தைக் கடந்து, நகரம் தொடங்கும் இடம். நடுத்தெருவில் கழுதைகள் ஐந்தாறு படுத்துக் கிடந்தன. சடாரென்று பிறேக் பிடித்தான். அப்படிப் பிடித்தால் மதுஷிகாவின் ஹெல்மெட் வந்து அவன் ஹெல்மெட்டில் ‘டொக்’ என்று முட்டும். ஒவ்வொரு முறையும் முட்டும்.

அன்று முட்டவில்லை.

மன்னார்க் கழுதைகள் ஹோர்ன் அடித்தால் அசையாதவை. பஸ்ஸுக்கே வழிவிடாதவை. அன்று எல்லாம் ஒன்றாக எழும்பின. அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தன. பார்த்தபடியே பின்வாங்கிப் பின்வாங்கி... ஓடின.

7.05. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தான். திரையில் பெயர்.

மது.

ஹெல்மெட்டை அரைவாசி தூக்கிக் காதில் வைத்தான். காற்றின் இரைச்சல். அதற்குள் அவள் குரல்.

“இஞ்சருங்கோ! என்னை விட்டிட்டு எங்க போறியள்?”

போனைக் காதோடு அழுத்தினான்.

“பாலத்தில தனிய நிக்கிறன். கும்மிருட்டா இருக்கு. விளையாடாதேங்கோ!”

இடுப்பில் இரண்டு கைகள்.

“ஆரது உங்களுக்குப் பின்னால இருந்தது? ஆரை ஏத்தினனீங்கள்?”

அவன் குனிந்து பார்க்கவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை. வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம். பத்து மீற்றர் தள்ளி ஒரு கடையின் வெளிச்சம். ஆட்கள் நிற்கிறார்கள்.

ஆனால் மதுஷிகா நிற்பது இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி. லொறி வரும் தெருவில். ஓடிப் போய்ச் சேர்கிற தூரமில்லை.

“கல்லுக்கு மேல ஏறி நில், மது. தெருவில நிக்காதை. வாறன்.”

வண்டியைத் திருப்பினான்.

கைகள் இறுகின.

மறுபடி பாலம். மறுபடி கடல். மூன்றாம் கியர். ஆறாயிரம். எட்டாயிரம். நாலு சிலிண்டரும் சேர்ந்து ஊளையிட்டன.

தோளில் ஒரு தட்டு.

நில்.

அவன் நிற்கவில்லை.

மறுபடி ஒன்று. முன்னதைவிடப் பலமாக.

நில்.

“மரியாயே... மாதாவே...”

மூச்சு முட்டியது. இடுப்பெலும்பு நொந்தது. பின்னால் பாரம் கூடிக்கொண்டே வந்தது. ஓர் ஆள் பாரம். இரண்டு ஆள் பாரம். கைப்பிடியை முழுதாக முறுக்கியும் வண்டி இழுக்கவில்லை.

ஒரு தட்டு.

ஒரு தட்டு.

ஒரு தட்டு.

தூரத்தில் ஒரு சிறு வெளிச்சம். மதுஷிகாவின் போன். அவன் லைற்றைக் கண்டதும் கல்லிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்து கையை ஆட்டினாள்.

அவளுக்குப் பின்னால் இரண்டு பெரிய வெளிச்சங்கள்.

லொறி.

காற்றிலும் அவன் என்ஜினின் ஊளையிலும் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. திரும்பியே பார்க்கவில்லை. சிரித்தபடி கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

றொசாந்தன் தெருவைக் குறுக்கறுத்தான். பிறேக். வண்டி சரிந்தது. விழவிட்டான். பாய்ந்து அவளைக் கட்டிப் பிடித்தபடி கற்களில் போய் விழுந்தான்.

ஹோர்ன். டயர் கிறீச்சிட்ட சத்தம். முகத்தில் மணல்.

லொறி போய்விட்டது.

7.11.

என்ஜின் நின்றிருந்தது. சரிந்து கிடந்த வண்டியின் பின்சில்லு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ‘டிக்... டிக்... டிக்...’ மதுஷிகா போன் வெளிச்சத்தை அங்கே பிடித்தாள். வண்டி. உடைந்த கண்ணாடி. நசிந்த மாம்பழங்கள்.

“அந்த ஆள் எங்க?” என்று கேட்டாள்.

அன்றிரவு அவர்கள் வேறொருவரின் வான் வண்டியில் வீட்டுக்கு வந்தார்கள். முழங்கைக் காயத்துக்கு மருந்து கட்டும்போது றொசாந்தன் மெல்லச் சொன்னான்.

“நீ ரெண்டு தரம் தட்டினனி எண்டு நினைச்சுத்தான் எடுத்தனான் மது. எந்த நாளும் தட்டுற மாதிரி.”

மருந்துத் துணி அவள் கையிலேயே நின்றது.

“நான் எப்ப தட்டினனான்?”

“ஏறின உடன...”

“விசர்க் கதை கதையாதேங்கோ. ஏறினதில இருந்து இறங்கும் மட்டும் ரெண்டு கையாலயும் பின் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு செபமாலை சொல்லாத குறையா இருக்கிறனான். நான் ஒருநாளும் உங்களைத் தட்டினதில்லை.”

அடுத்த நாள் காலை 6.40க்கு றொசாந்தன் வங்காலைக்கு பஸ்ஸில் போய் இறங்கினான். அமிர்தநாயகம் அவனை உள்ளே கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினார். சுவரில் ஒரு பெண்ணின் படம். கீழே மெழுகுதிரி.

றொசாந்தன் எல்லாவற்றையும் சொன்னான். முடிந்ததும் அவர் அவன் கையைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார்.

“அண்டைக்கு நான் உம்மட்ட ஒண்டே ஒண்டுதானே தம்பி கேட்டனான்.”

அவன் தலை குனிந்தான்.

“தனி ஆளுக்கு அது ஒண்டும் செய்யாது. சும்மா பின்னால வரும். அவ்வளவுதான்.”

“அண்ணை... படத்தில இருக்கிறது?”

“லூசியா. என்ர மனிசி. போன வருசம் ஆவணியில பாலத்தில லொறி அடிச்சுச் செத்தவ.”

றொசாந்தன் படத்தைப் பார்த்தான். “அப்ப அது... அக்காவோ?”

அமிர்தநாயகம் மெழுகுதிரியைப் பார்த்தார்.

“லூசியா எண்டா நான் வித்திருப்பனோ? ஒவ்வொரு நாளும் ஏத்திக்கொண்டு திரிஞ்சிருப்பன்.”

சாய்ந்திருந்த மெழுகுதிரியை நிமிர்த்தி வைத்தார்.

“மன்னாரில பூசை முடிஞ்சு வந்துகொண்டிருந்தனாங்கள். செருப்பு விழுந்திட்டுது எண்டு பாலத்தில இறங்கினவ. நான் என்ஜினை நிப்பாட்டேல்லை. தோளில ரெண்டு தரம் தட்டுப்பட்டுது. எடுத்தனான். இந்தக் கேற்றடி வரைக்கும் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தது. கேற்றடியில ஒரு தட்டு. நிப்பாட்டித் திரும்பிப் பார்த்தன், பின்னால ஒருத்தரும் இல்லை...”

எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். சிவப்பு உறை போட்ட பழைய போன் ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

“லூசியாவின்ர போன். அண்டைக்கு இது என்ர முதுகுப் பையுக்குள்ள கிடந்தது, தம்பி.”