பதறாத குரல்

மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து என் கணவர் விழுந்தபோது தலையில்தான் அடி. நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்துவிட்டு மலைக்குத் திரும்பினோம். நடந்தார், பேசினார், வந்து பார்த்தவர்களையெல்லாம் அடையாளம் கண்டார். பிழைத்ததே பெரிசு என்றார்கள் ஊரில்.

சில நாள் கழித்து, காட்டிலிருந்து அவர் வந்த வழியெல்லாம் ரத்தம். உள்ளங்காலில் நீளமான முள் ஒன்று ஏறியிருந்தது.

"வலிக்கலீங்களா?"

"வலிக்குது," என்றார், சோறு போடச் சொல்கிற அதே குரலில். முள்ளைப் பிடுங்கியபோது முகம்கூடச் சுளிக்கவில்லை.

மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப் போனேன். "வலி மூளைக்குப் போய்ச் சேருதும்மா. வலிங்கிற வார்த்தையும் அவர்கிட்ட இருக்குது. ரெண்டையும் பயத்தோட சேர்த்துக் கட்டுற இடத்துலதான் அடி பட்டிருக்குது. அவரைக் கவனமாப் பார்த்துக்குங்க," என்றார்.

அவர் உடம்புக்கு மட்டும்தான் காவல் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் அவர் கை, கால், முதுகு எல்லாம் திருப்பித் திருப்பிக் காயம் தேடுவேன்.

தை மாதம் மகள் தவழுகிற குழந்தையோடு வந்தாள். அன்றைக்கு அவள் செம்மேடு சந்தைக்குப் போயிருந்தாள். குழந்தை அவர் பக்கத்தில் தூங்கியது. நான் வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்புள்ள, பாப்பா அடுப்புகிட்டப் போவுது," என்றார் உள்ளிருந்து.

ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. ஆனால் அந்தக் குரலில் பதற்றமே இல்லை. என் உடம்பு எழவில்லை. கையிலிருந்த கிழங்கை முடித்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன்.

"கையை வெக்குது," என்றார்.

குழந்தை வீறிட்ட பிறகுதான் ஓடினேன். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பிஞ்சு விரல் இரண்டு கொப்பளித்துப் போயிருந்தன.

"அழுவுது," என்றார் என்னிடம்.

விரல்கள் ஆறிவிட்டன. மகள் மறுநாளே கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது, "அப்பா மேல கோவமில்லம்மா. ஆனா இனிமே பாப்பாவைக் கூட்டிட்டு வரமாட்டேன்," என்றாள். நானும் வரச் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் இருவர்தான். அவர் எதைச் சொன்னாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். மழை வருது என்றாலும் வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். நேற்று நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, "யாரோ உள்ள வந்துட்டுப் போனாங்க," என்றார். வீடு முழுக்கத் தேடினேன். கதவு திறந்து கிடந்தது.

"யாருங்க அது?" என்று கேட்டேன்.

"தெரியாத ஆளு," என்றுவிட்டு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.