பிரேமலாவை மேம்படுத்திய மூன்று நாள்

பிரேமலா பதினொரு ஆண்டுகளாக மலேசியாவின் ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு அலுவலர். ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தம் டிசம்பரில் முடியும். ஜனவரியில் புது ஒப்பந்தம், நேற்றுத்தான் சேர்ந்தவர் போல மறுபடியும் மருத்துவப் பரிசோதனை. ஆற்று நீரில் கலந்திருக்கும் உலோகங்களை அளக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. அதன் குணம் அவருக்கு மட்டுமே அத்துபடி. ரெங்கம் என்ற சிற்றூரில் இருக்கும் அம்மா ராசம்மாவோ, "மக யூனிவர்சிட்டில படிக்கிறா" என்றுதான் சொல்லிவந்தார். பதினொரு ஆண்டாகவா என்று யாரும் கேட்டதில்லை.

இந்த ஆண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் கூடி, ஆய்வுப் பணியாளர்களின் தொழில் மேம்பாட்டுக்கென்று உடன்பாடு செய்துகொண்டன. கையெழுத்து விழாவுக்குப் பணியாளர் ஒருவரையும் அழைக்கவில்லை. நாற்காலி போதாதாம். அடுத்த மாதமே கட்டாயப் பயிலரங்கு: பொந்தியானில் ஒரு ஹோட்டல், மூன்று நாள். மூன்று இடங்களிலிருந்தும் நாற்பது பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். ஆய்வுக்கூடத்தை யார் பார்ப்பது என்ற கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை.

"அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்கன்னு வரைங்க" என்றார் பயிற்சியாளர் ஷர்மினி.

"டிசம்பருக்கு அப்புறம் இருப்பேனான்னே தெரியலைங்க. எதை வரைய?" என்றார் பிரேமலா.

"பாசிட்டிவா யோசிங்க லா!"

பிரேமலா ஒரு நாற்காலி வரைந்தார். பக்கத்தில் இருந்த லாபிஸ் ஊர்க்காரர் சபாபதி, வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூட உதவியாளர், எட்டிப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு நாற்காலி வரைந்தார்.

அதற்குள் கைப்பேசி அடித்தது. அவருடைய ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர் சிறீகாந்தன்.

"பிரேமலா, மெஷின் சிவப்பு லைட் போட்டுக் கத்துது. என்ன செய்யிறது?"

"பின்னால கேஸ் வால்வத் திறந்தீங்களா சார்?"

"பின்னால எண்டா, எந்தப் பக்கம்?"

அரை மணி நேரத்தில் அரங்கில் பாதிப் பேர் இதே பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கவனம் சிதறுகிறது என்று ஷர்மினி எல்லாக் கைப்பேசிகளையும் ஒரு கூடையில் வாங்கி வைத்தார். கூடை தேன்கூடு மாதிரி ரீங்கரித்தது.

தேநீர் இடைவேளையில், கையில் கறிபாப் பலகாரத்தோடு சபாபதி கேட்டார்: "உங்க மெஷின் விளக்குக்கு ஸ்பேர் கிடைக்குதா? எங்களுது போயி எட்டு மாசமாச்சு."

"எங்ககிட்ட ரெண்டு சும்மா கெடக்கே."

"அலமாக்! ஒரு மணி நேரத் தூரத்துல இருந்துக்கிட்டா?"

சுற்றி நின்றவர்கள் காதைத் தீட்டினார்கள். எங்களிடம் இது இல்லை, உங்களிடம் அது இருக்கிறதா என்று பேச்சு பற்றிக்கொண்டது. யாரோ நாற்காலி வரைந்த தாளைத் திருப்பிப் பட்டியல் எழுதத் தொடங்கினார். இடைவேளை முடிந்தும் ஒருவரும் உள்ளே போகவில்லை. பிரேமலா ஏழு பேருக்கு அளவு சரிபார்க்கும் முறையை விளக்கினார். அவருக்கு என்ன தெரியும் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பேசப் பேசத் தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. தேடி வந்த ஷர்மினி சற்று நேரம் நின்று கேட்டார். பிறகு தானே நாலு நாற்காலியை இழுத்துப் போட்டார். மற்ற இரண்டு நாளும் அங்கேயே கழிந்தன.

பயிலரங்கு மாபெரும் வெற்றி என்றது அறிக்கை. அந்த வெற்றியைக் கண்காணிக்க ஒன்பது பேராசிரியர்கள் கொண்ட குழு அமைந்தது. இனி ஒரு விளக்கைக் கடன் வாங்க மூன்று கையெழுத்து. பிரேமலாவும் சபாபதியும் 'சமையல் குறிப்பு' என்ற பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். "ரெண்டு கத்திரிக்கா வேணும்" என்று செய்தி வந்தால் மறுநாள் இரண்டு விளக்குகள் போய்ச் சேரும்.

மூன்று நாள் அந்த இயந்திரத்தோடு தனியாக இருந்த சிறீகாந்தன், நேராகப் பதிவாளர் அறைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "உங்களுக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம் கேட்டனான். ரெண்டு தந்திருக்கினம்" என்றார். பிரேமலா கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதார்.

புதிய ஒப்பந்தத்தோடு அடுத்த பயிலரங்கின் கடிதமும் வந்தது. பயிற்சியாளர்: பிரேமலா. பங்கேற்பாளர் பட்டியலிலும், வரிசை எண் பதினேழில், பிரேமலா.

அலுவலகத்தில் விசாரித்தார். "ரெண்டு எடத்துலயும் கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார்கள்.

போட்டார்.