திருப்பிப் பார்க்காத சீட்டு

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், செஞ்சியில் நடந்தது இது. அங்கே கிளை நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை. வந்த புதிதில் வாயைப் பிளந்து பார்த்ததோடு சரி, அப்புறம் வெயில் உள்ளே வருகிறதென்று அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன்.

சிக்கனத்தில் நான் கெட்டி. மேலிடத்திலிருந்து வரும் காகிதம் எப்போதும் பற்றாது. அதனால் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் எந்தத் தாளையும் விடமாட்டேன். பழைய சுற்றறிக்கை, விளம்பர நோட்டீஸ், புத்தகங்களோடு வரும் பிழைதிருத்தச் சீட்டு எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுக்கு நறுக்கிச் சேர்த்து, வெற்றுப் பக்கம் மேலே தெரிய மேஜையில் அடுக்கி வைத்திருப்பேன். அலமாரியில் பூட்டியிருக்கும் பழைய இதழ் வேண்டுமென்றால் வாசகர் அதில் இதழின் பெயரையும் தன் பெயரையும் எழுதித் தரவேண்டும். வாங்கிக் கம்பியில் குத்திவிடுவேன். சோதனைக்கு வந்த அதிகாரி இதைப் பார்த்துவிட்டு நாலு பேர் முன்னால் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்களுக்கு ஒரு விவசாய ஆராய்ச்சிக் காலாண்டிதழ் வந்துகொண்டிருந்தது. விஞ்ஞானிகள் எழுதுவது. அதை எடுத்துப் படிப்பவர் அநேகமாக ஒரே ஒருவர்தான். மேல்சித்தாமூரைச் சேர்ந்த ஜைனக் குடும்பத்துப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் காலமான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விடாமல் தானே பயிர் வைத்தார். சந்தை நாளில் செஞ்சிக்கு வந்தால் நூலகத்துக்கும் வருவார். ஆனால் எப்போதும் அவசரம்தான். பொழுது சாய்ந்தபின் ஜைனர்கள் சாப்பிடுவதில்லை. அதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் பஸ்ஸில் ஒரு கண், புத்தகத்தில் ஒரு கண்.

அப்படி ஒரு சந்தை நாளில் வந்தவர், முந்தைய இதழில் நிலக்கடலை பற்றி ஏதோ போட்டிருக்கிறதாமே, அதைக் கொடு என்றார். மேஜையில் மேலாக இருந்த சீட்டை நீட்டினேன். பென்சிலால் எழுதிக் கொடுத்தார். இதழை எடுத்துத் தந்தேன். நின்றபடியே கட்டுரையின் செய்முறையை நோட்டில் எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பத்து நாள் போயிருக்கும். மாத முடிவில் கம்பியிலிருந்த சீட்டுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். எண்ணும்போது ஒரு சீட்டு கைதவறி விழுந்து, அச்சடித்த பக்கம் மேலே வந்தது. குனிந்து எடுத்தவன் அப்படியே படித்தேன். சென்ற இதழில் வந்த, நிலக்கடலை விதையை உப்புக் கரைசலில் ஊறவைக்கும் முறை பற்றிய கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இருந்தது. மறுபடி சோதித்ததில் ஊறவைத்து உலர்த்திய விதைகளில் பெரும்பகுதி முளைக்கவில்லை, யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம், நூலகத்தார் இந்தச் சீட்டைப் பழைய இதழில் அந்தக் கட்டுரையின் மேல் ஒட்டிவிட வேண்டும் என்று இருந்தது.

திருப்பினேன். மறுபக்கத்தில் அந்த மேல்சித்தாமூர் அக்காவின் பென்சில் கையெழுத்து.

கட்டுரை தப்பு என்று சொல்லும் தாளையே அவர் கையில் கொடுத்து, அதன் முதுகில் எழுதச் சொல்லி, தப்பான கட்டுரையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். முந்தின ராத்திரிதான் நல்ல மழை பெய்திருந்தது. மானாவாரிக்காரர்கள் இந்த ஈரத்தை விடமாட்டார்கள். விதைப் பருப்பு ஒரு வருஷம் பாதுகாத்து வைப்பது. அது போனால் அந்த வருஷமே போச்சு.

வேலை நேரத்தில் நூலகத்தைப் பூட்டினால் வேலைக்கே உலை என்று தெரியும். பூட்டினேன். வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு மேல்சித்தாமூருக்கு மிதித்தேன். வழியில் சில புன்செய்க் கொல்லைகளில் ஏர் கட்டிவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் இன்னும் வேகமாக மிதித்தேன். விசாரித்து வீட்டை அடைந்தபோது வாசலில் பாய் விரித்து, பந்தல் நிழலில் விதைப் பருப்பு உலர்ந்துகொண்டிருந்தது. மொத்த விதையும்.

சீட்டை நீட்டினேன். படித்தார். பிறகு திருப்பிப் பார்த்தார். தன் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"இது அன்னிக்கு என் கையிலயே இருந்துதா தம்பி?"

ஆமாம் என்றேன். பாயோரம் உட்கார்ந்து ஒரு கைப்பிடி பருப்பை அள்ளி, ஒவ்வொன்றாகத் திரும்ப விட்டார். இன்னா ஆளு நீ, படிக்கிற இடத்துல உக்காந்துக்கினு படிக்காம இருந்துட்டியே என்றார். வாங்கிக்கொண்டேன். சொல்ல என்ன இருக்கிறது? இன்னும் ரெண்டு வார்த்தை கூடுதலாகத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் அவர் சட்டென்று எழுந்துவிட்டார். அந்தச் செய்முறையை இன்னும் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அனந்தபுரத்தில் இருக்கும் தம்பிக்கும், இன்னொன்றைச் சந்தையில் பழக்கமான சிங்கவரத்து வீட்டுக்கும் கொடுத்திருக்கிறாராம். என்னுடையது போனது போகட்டும், என் கையெழுத்தை நம்பினவர்கள் கெடக்கூடாது என்றார். சிங்கவரம் எனக்கு, அனந்தபுரம் தனக்கு என்று அவரே பிரித்தார். சீட்டிலிருந்ததை அவசரமாக நோட்டில் எழுதிக்கொண்டு, அச்சுச் சீட்டை என்னிடமே திருப்பித் தந்தார். அனந்தபுரம் போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடுமே, சாப்பாடு என்ன ஆவது என்று கேட்டேன்.

"ஒரு வேள பட்டினி கெடந்தா செத்தா பூடுவேன்? நீ கெளம்பு."

செஞ்சிக்கே திரும்பி, அங்கிருந்து சிங்கவரம் போய்ச் சேரும்போது கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. அந்த வீட்டுக்காரர் பெரிய அண்டாவில் உப்புக் கரைசலைத் தயாராக வைத்துவிட்டு, விதை மூட்டையின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம், வேண்டாம் என்று நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியதைப் பார்த்து அவர் வீட்டு நாய்கூட எழுந்து நின்றுவிட்டது. மனிதர் அசையவில்லை. மேல்சித்தாமூர் அம்மா சொன்னால் சொன்னதுதான், நீங்கள் யார் நடுவில் என்றார். அச்சுச் சீட்டைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாங்கி முன்னும் பின்னும் புரட்டிவிட்டு அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

"அப்பவும் அச்சுல போட்டுருக்குதுன்னாங்க. இப்பவும் அச்சுல போட்டுருக்குதுன்றீங்க. எந்த அச்ச சார் நான் நம்பறது?"

சீட்டின் மேல் விரலை வைத்துச் சொன்னேன். "எழுதினவங்களே, நாங்க எழுதினது தப்புன்னு வெக்கப்படாம சொல்றாங்க பாருங்க, இத நம்புங்க. மறைச்சது அவங்க இல்ல, நான்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நூலகத்தில் நான் செய்த காரியத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, மூட்டையை மறுபடி கட்டினார். அதற்கப்புறம்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அனந்தபுரத்துத் தம்பி பாதி விதையைத்தான் ஊறவைத்திருந்தார். மீதி தப்பியது. அதில் ஒரு பங்கை அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா அந்த வருஷம் பாதி நிலத்தில் மல்லாட்டை, எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர், மீதியில் கம்பு என்று சமாளித்தார். நஷ்டம் நஷ்டம்தான். நான் அதை ஈடுகட்டிவிட்டதாகச் சொன்னால் பொய்.

அடுத்த சந்தை நாளில் ஈரச் சாக்குத் துண்டோடு வந்தார். மேஜையில் பிரித்து வைத்தார். ஊறவைத்த பருப்பில் ஒரு கைப்பிடியை முளைகட்டிப் பார்த்திருக்கிறார். நாலைந்துதான் முளைவிட்டிருந்தன, மற்றதெல்லாம் அழுகி ஊளையாகக் கிடந்தது. ஆராய்ச்சிக்காரன் சொன்னது சரிதான், இப்ப ஒட்டு என்றார்.

நான் பசையை எடுத்துச் சீட்டின் அச்சில்லாத பக்கம் முழுக்கத் தடவப் போனேன். தடுத்தார். "ஓரத்துல மட்டும் ஒட்டு தம்பி. என் எழுத்தும் தெரியட்டும். இன்னொருத்தர் கையில குடுக்கறதுக்கு முன்னாடி, இது யார் கைக்குப் போச்சுன்னு பாக்கறவனுக்குத் தெரியணும்." அப்படியே ஓரத்தில் மட்டும் ஒட்டினேன். கட்டுரையைத் திறந்தால் முதலில் சீட்டுதான் நிற்கும். அதைத் திருப்பினால் அவர் பெயர்.

அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். எந்த ஆராய்ச்சி இதழிலிருந்து யார் எதை எழுதிக்கொண்டு போனாலும் ஊர், விலாசம் குறித்துவிட்டுத்தான் போக வேண்டும். திருத்தமோ வாபஸோ வந்தால் அன்றைக்கே கார்டு போடுவேன். வாசலில் ஒரு பலகை, அந்த மாதத் திருத்தங்களுக்கு. இதழ் நடத்துபவர்களுக்கும் எழுதினேன், இனி இப்படிப்பட்ட செய்தியை உதிரிச் சீட்டாகப் போடாதீர்கள், இதழின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள் என்று. பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு வந்தது, முதல் பக்கத்தில் இடமும் வந்தது. நூலகத்தைப் பூட்டியதற்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினேன். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

மாற்றலாகிப் போகும்வரை அந்த நோட்டை நானே வைத்திருந்தேன், அடுத்து வந்தவரிடம் சாவியோடு சேர்த்துக் கொடுத்தேன். இன்றைக்கும் எந்தப் புத்தகத்திலிருந்து ஒரு துண்டுத்தாள் விழுந்தாலும், இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, இது இன்னும் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று யோசித்த பிறகுதான் கீழே வைக்கிறேன்.