நீடாமங்கலம் கேட்டில் இறங்காத பெடல்

பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை.

ஆண்டவருடைய பிள்ளைகளே, என் சாட்சி இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. கடந்த தை மாதம், பொங்கல் கழிந்து சம்பா அறுவடை மும்முரமாக இருந்த சமயம். எங்கள் கிராமம் கொரடாச்சேரிக்குப் பக்கம். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ். பஸ்ஸில் போய்வர அவர் உடம்பு தாங்காது. அதற்காகவே இந்த வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது.

அன்று ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் வைக்கோல். எதிரே பஸ் வந்தது. பலம் கொண்ட மட்டும் பிரேக்கை மிதித்தேன். கார் தன்பாட்டுக்குப் போய், நெல்லின் ஓரத்தை மிதித்து, ரோட்டோர அணைகல்லில் முட்டி நின்றது. பக்கத்துச் சீட்டில் இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நெல்லுக்குச் சொந்தக்காரர் ஓடிவந்தார். திட்டுவார் என்று பார்த்தால் அவரே சமாதானம் சொன்னார். "வைக்கல் மேல பிரேக் போட்டா வழுக்கத்தானம்மா செய்யும். பாத்துப் போங்க."

இவரும் தலையாட்டினார். "ஆமா ரூபி, வைக்கல்தான்."

எனக்கு அந்தப் பேச்சு இறங்கவில்லை. வழுக்கியிருந்தால் சக்கரம்தானே வழுக்க வேண்டும்? என் காலுக்குக் கீழே பெடல் ஏன் கருங்கல்லாக இருந்தது?

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையில் தட்டிப் பார்த்து வாங்கிய தேங்காயை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை தட்டிப் பார்க்கிறவள் நான். போதகர் "கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்" என்றால் கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்படிப்பட்டவளுக்கு ஒரு பழைய காரை இனாமாகக் கொடுத்தால் என்ன ஆகும்?

கொடுத்தவர் துபாயில் இருக்கும் என் கொழுந்தன். "சும்மாதான் நிக்குது அண்ணி, அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வச்சுக்குங்க" என்று போனில் சொன்னார். அன்றைக்குக் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னேன். அணைகல்லில் முட்டிய அன்று ராத்திரி என் யோசனை வேறு மாதிரி ஓடியது. நல்ல வண்டியை யார் சும்மா கொடுப்பார்கள்? பிரேக் சரியில்லை என்று தெரிந்துதான் தள்ளிவிட்டாரோ?

ஊர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கொழுந்தனோடு ஒன்றாகப் படித்தவர். அதனால் அவர் மேலும் எனக்குச் சந்தேகம். நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். பிரேக் பேட் மாற்றினார், பிரேக் ஆயிலும் மாற்றினார். குளத்தைச் சுற்றி ஓட்டிக் காட்டினார்.

"பிரேக் நல்லா இருக்குக்கா. ஒங்க காலுக்குத்தான் வலு பத்தல."

"வண்டி நிக்கிறப்பக்கூட இன்ஜின் குலுங்குதே தம்பி?"

"அது வேற. வண்டிக்கு வயசாச்சுல்ல."

என் காலுக்கு வலு இல்லையாம், வண்டிக்கு வயதாகிவிட்டதாம். வீட்டுக்கு வரும் வழியில், வைக்கோல் ஒரு துரும்புகூட இல்லாத இடத்தில் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். அதே கருங்கல். கார் மெதுவாக, மனசில்லாமல் நின்றது.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. காரை எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். ஒரு டயாலிசிஸ் தவறினாலே இவருக்கு மூச்சு வாங்கும், கால் வீங்கும். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு சகோதரியிடம் அழுதேன். "அது அவிசுவாசம்க்கா. சாத்தான் ஒங்க சமாதானத்தக் கெடுக்குறான். கர்த்தர் பாத்துக்குவார்னு விட்டுடுங்க" என்றார். விட்டுவிடத்தான் ஆசை. முடியவில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்தச் சந்தேகம் வீண் என்றால் என்னைவிட்டு எடுத்துப்போடும். வீண் இல்லை என்றால் காரணத்தைக் காட்டும். இவரை நானே கொண்டுபோய்க் கொல்ல விடாதேயும்." வேறு வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது.

எழுந்து பார்த்தால் சந்தேகம் அப்படியே இருந்தது. ஜெபம் கேட்கப்படவில்லை என்றே நினைத்தேன். நேரமாகிவிட்டது. இவரை ஏற்றிக்கொண்டு, ஊர்ந்தே போனேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடினால் மூடியதுதான். எல்லோரும் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிக் கடலை வாங்கித் தின்பார்கள். நானும் இன்ஜினை நிறுத்தினேன். இறங்கவில்லை. வயிற்றெரிச்சலில் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் திறந்தது. பெடலில் வைத்த காலை எடுக்காமலே இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன்.

பெடல் அசையவில்லை.

அந்த நொடியில் ஆண்டவர் எனக்கு ஒன்றை ஞாபகப்படுத்தினார். டிரைவிங் ஸ்கூலில் முதல் நாள், பிரேக்கில் கால் வைத்தபடி ஸ்டார்ட் செய்தபோது பெடல் கொஞ்சம் கீழே இறங்கியது. பிரேக் போச்சு என்று நான் கத்தினேன். சொல்லிக்கொடுத்தவர் சிரித்தார். "இன்ஜின் ஓடுனா அதுவும் சேர்ந்து அழுத்தும்மா. அப்புடி எறங்குனாத்தான் நல்ல பிரேக்." அப்போதும் நான் நம்பவில்லை. அவருடைய இன்னொரு காரிலும் ஏறிச் சரிபார்த்தேன். அதிலும் இறங்கியது.

இந்தக் காரில் இறங்கவில்லை. இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் ஒரே கருங்கல். அப்படியென்றால் இத்தனை நாளும் இன்ஜினிடமிருந்து எந்த உதவியும் இல்லாமல், என் கால் மட்டும் தனியாகக் காரை நிறுத்திக்கொண்டிருந்தது.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். "போ ரூபி, நேரமாவுதுல்ல" என்றார் இவர்.

"நான் போகலைங்க" என்றேன். காரை ஊர்ந்து ஓரங்கட்டினேன். ஸ்டேஷன் பக்கம் டாக்சி பிடித்து இவரைத் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். வழியெல்லாம் போனில் என்னைத் திட்டிக்கொண்டே போனார். திட்டுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

பக்கத்தில் இருந்த ஒர்க்ஷாப்காரரைக் கூட்டிவந்து, பெடல் இறங்காததைக் காட்டினேன். பேனட்டைத் திறந்து வைத்து, இன்ஜின் ஓட ஓட மிதிக்கச் சொன்னார். உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம். மிதிக்கும்போதெல்லாம் இன்ஜின் கூடுதலாகக் குலுங்கியது. பிரேக்குக்கு உதவி செய்ய ஒரு கறுப்பு டப்பா இருக்கிறது. இன்ஜின் ஒரு ரப்பர் குழாய் வழியாக அதிலிருந்து காற்றை உறிஞ்சினால்தான் அந்த உதவி கிடைக்கும். மேலே பார்த்தால் முழுசாக இருந்தது. டார்ச் அடித்து அடிப்பக்கம் பார்த்தால், கடித்துக் குதறிய ஓட்டை.

எலி. பக்கத்து மூலையில் வைக்கோலும் நெல்மணியும் சேர்த்து வைத்துக் குடித்தனமே நடத்தியிருந்தது. அறுவடைக்கு முன்னால் இவர்தான் ஆள் விட்டு வயலெங்கும் எலி பிடிக்கும் கிட்டி வைத்தார். அதில் தப்பிய ஒன்று எங்கள் காருக்குள் குடிவந்துவிட்டது. நான் துபாய் வரைக்கும் போய்க் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

புதுக் குழாய் மாட்டினார்கள். காலை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். பெடல் மெத்தென்று இறங்கியது. குலுக்கலும் நின்றது. ஒர்க்ஷாப்பில் அத்தனை ஆண்களுக்கு நடுவில் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லி அழுதேன்.

அடுத்த முறை தஞ்சாவூர் போகிறோம். அதே ரோடு, அதே நெல், அதே வைக்கோல். ஓர் அம்மாள் குனிந்து நெல்லைத் தள்ளிக்கொண்டே பின்னால் நகர்ந்து, திடீரென்று காருக்கு முன்னால் வந்துவிட்டார். மிதித்தேன். கார் நின்றது. அவருடைய புடவைத் தலைப்பு பேனட்டில் உரசியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நெல்லைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சந்தேகப்பட்டது நல்லதாப் போச்சு" என்றார். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

பிரியமானவர்களே, சிலருக்கு ஆண்டவர் சமாதானத்தைக் கொடுத்துப் பதில் சொல்லுவார். எனக்குச் சமாதானம் கொடுக்காமல் பதில் சொன்னார். சந்தேகத்தை எடுத்துப்போடும் என்று கேட்டேன், அவர் எடுக்கவில்லை. அதை அவரே பிடித்து வைத்திருந்தார் என்று இப்போது நம்புகிறேன். உங்கள் உள்ளத்தில் ஏதாவது உறுத்தினால், அவிசுவாசம் என்று யாராவது அடக்கினாலும், அதை அவர் பாதத்தில் கொண்டுபோய் வையுங்கள். எடுக்கச் சொல்லியும் கேளுங்கள், காட்டச் சொல்லியும் கேளுங்கள். இரண்டில் ஒன்றை நிச்சயம் செய்வார்.

இப்போதும் காரை எடுக்கும்போதெல்லாம் பெடலில் கால் வைத்துத்தான் ஸ்டார்ட் செய்கிறேன். "இன்னும் சந்தேகம் போகலயா?" என்று இவர் கேட்பார். பெடல் இறங்கும் வரைக்கும் நான் பதில் சொல்வதில்லை. இறங்கியதும் ஸ்தோத்திரம் என்கிறேன். அவர் ஆமென் என்கிறார். அப்புறம்தான் கிளம்புகிறோம்.